கின்சாவில் ஒரு மாலை: சுஷி உணவகமும் காக்டெயில் பாரும் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டோக்கியோவின் கின்சாப் பகுதியில் உயர்தரமான சுஷி உணவகம் ஒன்றில் இரவு உணவை முடித்துக்கொண்டு, சற்றுத் தொலைவிலுள்ள அமைதியான பார் ஒன்றில் ஒரு மணி நேரம் அமர்ந்திருப்பது, ஜப்பானியர் தாம் மதிக்கும் விருந்தினருக்குச் செய்யும் உபசாரம். இந்நகரில் பல ஆண்டுகளாக வேலை செய்துவரும் எனக்கு, ஊரிலிருந்து வரும் உறவினர்களும் நண்பர்களும் இது பற்றி அனுப்பும் கேள்விகள் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கின்றன. அவற்றுக்கான விடைகளை இங்கே தொகுத்திருக்கிறேன். எல்லாவற்றுக்கும் முன்னதாக ஒன்று: சொல்லவேண்டியவை அனைத்தையும் முன்பதிவின்போதே சொல்லிவிடுங்கள், இருக்கையில் அமர்ந்தபின் பொறுப்பைச் சமையல் கலைஞரிடம் விட்டுவிடுங்கள்.

ஒமகாசே என்பது என்ன? பட்டியலைப் பார்த்து நாமே தேர்ந்தெடுக்க முடியாதா?

"உங்களிடமே விட்டுவிடுகிறேன்" என்பதே அச்சொல்லின் பொருள். இத்தகைய உணவகங்களில் உணவுப் பட்டியல் பெரும்பாலும் இருப்பதில்லை. கலைஞர் அன்று காலை தொயோசு சந்தையில் எவற்றை வாங்கினாரோ அவையே அன்றைய விருந்து. (புகழ்பெற்ற சுகிஜி மொத்த மீன்சந்தை 2018 அக்டோபரில் தொயோசுவுக்கு இடம்பெயர்ந்துவிட்டது. அச்சந்தை ஞாயிற்றுக்கிழமைகளில் இயங்காது என்பதால், நல்ல சுஷி உணவகங்கள் பலவும் அன்று மூடியிருக்கும்.) முதலில் சில சிறு பதார்த்தங்கள் வரும். அவற்றைத் தொடர்ந்து, சோற்றின்மேல் மீன்துண்டை வைத்துக் கையால் பிடித்துத் தரும் நிகிரி சுஷி ஒவ்வொன்றாக வரும். மென்சுவையுள்ள வெள்ளைச் சதை மீன்களில் தொடங்கி, கொழுப்பு மிகுந்த சூரை, கடல் முள்ளெலி எனச் சுவை ஏறிச் சென்று, இனிப்பான சாறு தடவிய கடல் விலாங்கிலும் முட்டைப் பணியாரம் போன்ற தமாகோவிலும் முடிவது பொதுவான ஒழுங்கு. இறுதியில், மிகவும் பிடித்த ஒன்றை மீண்டும் கேட்டு வாங்கலாம். அதற்குத் தனிக் கட்டணம் உண்டு.

முன்பதிவு செய்யாமல் போகலாமா?

போக வேண்டாம். கவுன்ட்டரைச் சுற்றி எட்டு முதல் பத்து இருக்கைகள் மட்டுமே இருக்கும். மாலையில் இரண்டு பந்திகள் நடக்கும் இடங்களில், ஒரு பந்தியில் உள்ள அனைவருக்கும் ஒரே நேரத்தில் உணவு தொடங்கும் என்பதால், நீங்கள் பதினைந்து நிமிடம் தாமதித்தால் முன்பின் அறியாத ஏழு பேர் உங்களுக்காகக் காத்திருப்பார்கள். ஐந்து அல்லது பத்து நிமிடம் முன்னதாகவே அந்தத் தெருவுக்குச் சென்றுவிடுவது நல்லது; கின்சாவின் உணவகங்கள் பல, சிறு பெயர்ப்பலகையோடு கட்டடங்களின் நிலத்தடித் தளத்திலோ ஐந்தாம் மாடியிலோ இருப்பதால், கண்டுபிடிக்கவே நேரம் ஆகும்.

சில இடங்களில் ஏற்கெனவே சென்றவர் அறிமுகம் செய்துவைத்தால்தான் இடம் கிடைக்கும். 2014 ஏப்ரலில் அமெரிக்க அதிபர் ஒபாமாவை ஜப்பானியப் பிரதமர் அபே அழைத்துச் சென்ற சுகியபாஷி ஜிரோ என்னும் உணவகத்தை உதாரணமாகச் சொல்லலாம். பல ஆண்டுகள் மூன்று நட்சத்திரம் பெற்றிருந்த அந்தச் சிறு உணவகத்தை, பொதுமக்கள் நேரடியாக முன்பதிவு செய்ய இயலவில்லை என்ற காரணத்துக்காகவே, உணவகங்களுக்கு நட்சத்திரத் தரம் வழங்கும் மிஷெலின் வழிகாட்டி 2019இல் தன் பட்டியலிலிருந்து விலக்கியது. ஆனால் இணையத்தில் முன்பதிவு ஏற்கும் சிறந்த உணவகங்கள் ஏராளம். நீங்கள் தங்கும் விடுதியின் வரவேற்பாளரிடம் சொன்னாலும் ஏற்பாடு செய்து தருவார்கள். ஒன்றை மறக்க வேண்டாம்: கடைசி நேரத்தில் ரத்து செய்தால் முழுத் தொகையையும் வசூலிப்பது இங்கே வழக்கம். உங்களுக்காக வாங்கிய மீனை அவர்கள் நாளை வேறொருவருக்குப் பரிமாற முடியாது என்பதால், இது எனக்கு நியாயமாகவே படுகிறது.

எவ்வளவு செலவாகும்?

கின்சாவில் இரவு ஒமகாசே ஒருவருக்கு 20,000 முதல் 40,000 யென் வரை ஆவது சாதாரணம். அதற்கு மேலும் உண்டு. பானங்களுக்குத் தனிக் கணக்கு. மதிய உணவு வழங்கும் இடங்களில் அதே கலைஞரின் கைப்பக்குவத்தைப் பாதி விலையிலோ அதற்கும் குறைவாகவோ சுவைக்கலாம். முதன்முறை செல்பவர்களுக்கு நான் எப்போதும் மதிய வேளையையே பரிந்துரைக்கிறேன்.

நான் சைவம். எனக்கு அங்கே ஏதாவது கிடைக்குமா?

இக்கேள்விக்கு நேர்மையான விடை: சுஷி கவுன்ட்டரில் கிடைக்காது; அங்கே செல்ல வேண்டாம். வெள்ளரிச் சுருளும் சுரைக்காய்ச் சுருளும் கண்ணில் படலாம். ஆனால் அச்சுரைக்காய் வற்றலை வேகவைத்த நீரிலும், சோயா சாற்றிலும், முட்டையிலும், சூப்பிலும் மீன் கலந்திருக்க வாய்ப்பு மிகுதி. ஜப்பானியச் சமையலின் அடித்தளமான தாஷி என்னும் சாறு பொதுவாக இரண்டு பொருள்களால் ஆனது. ஒன்று கொம்பு என்னும் கடற்பாசி, மற்றொன்று கட்சுவோபுஷி.

கட்சுவோபுஷி நமக்கு அந்நியமான பொருளன்று. சூரை மீனைத் துண்டாக்கி, அவித்து, புகையூட்டி, மரக்கட்டைபோல் இறுகும்வரை உலர்த்தி எடுப்பது அது. தூத்துக்குடிக்காரர்களும் இலங்கைத் தமிழரும் நன்கறிந்த மாசிக் கருவாட்டின் நெருங்கிய உறவு என்றே சொல்லலாம். சம்பலுக்கு மாசியை இடித்துப் போடுகிறோம். இவர்கள் அதைச் சீவுளியில் மெல்லிய ஏடுகளாகச் சீவிக் கொதிநீரில் இட்டு வடிகட்டிவிடுகிறார்கள். மீன் கண்ணுக்குத் தெரியாமல் போவதால்தான் சிக்கல். "இதில் மீன் இல்லை" என்று பணியாளர் சொல்வது பொய்யன்று. அவர் மீன் துண்டு இல்லை என்ற பொருளில் சொல்கிறார். எனவே "நான் சைவம்" என்று மட்டும் எழுதாமல், "மீன், இறைச்சி, கட்சுவோபுஷி சேர்ந்த தாஷி ஆகியவற்றை உண்ணமாட்டேன்" என்று முன்பதிவிலேயே விரித்து எழுத வேண்டும்.

சைவர்களுக்கு இங்கே உரிய இடம் வேறு இருக்கிறது. பௌத்த மடங்களில் வளர்ந்த ஷோஜின் ரியோரி என்னும் சமையலில் மீனும் இறைச்சியும் மட்டுமல்ல, பூண்டும் வெங்காயமும்கூட விலக்கு. கொம்பும் உலர்ந்த ஷிடாகே காளானும் கொண்டு தாஷி தயாராகும். 1908இல் கிகுனாயே இகேதா என்ற டோக்கியோப் பேராசிரியர் "உமாமி" என்னும் சுவையைப் பிரித்தறிந்ததும் கொம்புச் சாற்றிலிருந்துதான். மீன் இல்லாத தாஷி சுவையற்றது என்று யாரேனும் சொன்னால் நம்ப வேண்டியதில்லை. கோயாசான் மலையின் கோயில் தங்குமிடங்களிலும் கியோத்தோவின் சில மடங்களிலும் எள்ளும் குட்ஸு கிழங்கு மாவும் கலந்து கிளறிய கோமாதோஃபுவை ஒருமுறை உண்டு பாருங்கள். என் தாயார் ஜப்பானில் உண்டவற்றுள் இரண்டாம் முறை கேட்டு வாங்கியது அது ஒன்றையே.

மாட்டிறைச்சி, பன்றி இறைச்சி, மது ஆகியவற்றைத் தவிர்ப்பவர்கள் என்ன செய்வது?

சுஷி உணவகத்தில் இறைச்சி அரிது. ஆனால் கைசெகி என்னும் பல படி விருந்தில் வாக்யு மாட்டிறைச்சி ஒரு படியாக வருவதுண்டு. மதுவை முற்றிலும் விலக்குபவர்கள், மிரின் என்னும் இனிப்புச் சமையல் மதுவும் சாக்கே என்னும் அரிசி மதுவும் சாறுகளிலும் குழம்புகளிலும் சேர்க்கப்படுகின்றன என்பதை அறிந்திருக்க வேண்டும். இவற்றையும் முன்பதிவிலேயே குறிப்பிடவும்.

எப்படி உடுத்திச் செல்வது?

அலுவலகத்துக்குச் செல்லும் அளவுக்கு நேர்த்தியான உடை போதும். சேலையும் மிகப் பொருத்தமே. உடையைவிட முக்கியமானது மணம். வாசனைத் திரவியமோ மணம் மிகுந்த எண்ணெயோ மல்லிகைச் சரமோ வேண்டாம். பத்துப் பேர் நெருங்கி அமரும் அறையில், வினிகர் கலந்த சோற்றின் மணமும் மீனின் மென்மணமும் உணவின் பகுதிகள். அவற்றை மூடிவிடும் எதுவும் பக்கத்தில் இருப்பவருக்கும் இடையூறு. கவுன்ட்டர் பெரும்பாலும் ஹினோகி என்னும் மென்மரத்தால் ஆனது என்பதால், கைக்கடிகாரத்தையும் வளையல்களையும் கழற்றி வைப்பதும் கைப்பேசியை மரத்தின்மீது வைக்காதிருப்பதும் மரியாதை.

சுஷியைக் கையால் சாப்பிடலாமா?

தாராளமாக. குச்சிகளைப் பிடிக்கத் தெரியவில்லையே என்று கூச்சத்தோடு வந்த என் தந்தையாரைப் பார்த்து, கலைஞர் தம் விரல்களைக் காட்டிச் சைகை செய்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், எதோ என்று அழைக்கப்பட்ட அன்றைய டோக்கியோவின் தெருக்கடைகளில் மக்கள் நின்றபடி கையால் எடுத்து உண்ட உணவே நிகிரி சுஷி. சோற்றைப் பிசைந்து உண்டு பழகிய நமக்கு, சோறு எவ்வளவு தளர்வாகப் பிடிக்கப்பட்டிருக்கிறது என்பது விரல்நுனியிலேயே தெரிந்துவிடும்.

கலைஞரின் கையைக் கவனித்துப் பாருங்கள். விரல்களை வினிகர் நீரில் நனைத்துக்கொண்டு, வலக்கையால் சோற்றை அள்ளி உருட்டுகிறார், இடக்கையில் மீன்துண்டு. ஆள்காட்டி விரலால், காரமான பச்சை விழுதான வசாபியை ஒரு தீற்று. ஐந்தாறு அசைவுகளில் அதைத் திருப்பி, அழுத்தி, உங்கள் முன் வைத்துவிடுகிறார். வைத்த கணத்தில் அது மயிரிழை அளவு கீழே அமிழ்வதைக் காணலாம். உள்ளே காற்று இருக்கும்படி சோறு தளர்வாகப் பிடிக்கப்பட்டதன் அடையாளம் அது. சோறு உடற்சூட்டில் இருக்கும். மீன் சற்றுக் குளிர்ந்திருக்கும். அந்த வேறுபாடு ஒரு நிமிடத்துக்குள் மறையத் தொடங்கிவிடும். ஆகவே, வைத்தவுடன் முழுவதையும் ஒரே வாயில் உண்ண வேண்டும். அளவு பெரிதாகத் தோன்றினால் சோற்றைக் குறைக்குமாறு கேட்கலாம், மகிழ்ச்சியோடு செய்வார்கள். பாதி கடித்துவிட்டு மீதியைத் தட்டில் வைப்பதுதான் அவர்களை வருத்தும்.

சோயா, வசாபி, இஞ்சி ஆகியவற்றை எப்படிப் பயன்படுத்துவது?

ஒமகாசேயில் பெரும்பாலும் கலைஞரே காய்ச்சிய சோயாவைத் தூரிகையால் தடவித் தருவார்; மேலே எதையும் சேர்க்க வேண்டியதில்லை. சிறு கிண்ணத்தில் சோயா தரப்பட்டால், சோறு படாமல் மீன்பக்கத்தை மட்டும் தொட்டுக்கொள்ளவும். வசாபியைச் சோயாவில் கரைக்க வேண்டாம். உண்மையான வசாபி, ஷிஸுவோகாவின் இசு மலைப்பகுதியிலும் நாகானோவின் அசுமினோவிலும் ஓடும் நீரில் வளர்க்கப்படும் தண்டு. அதைச் சுறாத்தோல் பலகையில் தேய்த்த சில நிமிடங்களில் மணம் போய்விடும் என்பதால் அவ்வப்போது தேய்க்கிறார்கள். கடைகளில் குழாயில் கிடைப்பது பெரும்பாலும் காட்டுமுள்ளங்கிக்குப் பச்சை நிறம் ஏற்றியது. காரம் ஒத்திருக்கும், இனிப்பு இருக்காது. இஞ்சி ஊறுகாய் ஒரு மீனுக்கும் அடுத்த மீனுக்கும் இடையில் நாவைத் துலக்குவதற்கு உரியது.

பச்சை மீன் உடலுக்கு ஒத்துக்கொள்ளுமா? அன்றன்று பிடித்த மீன்தான் சிறந்ததா?

சிறந்த சுஷி முழுக்கவும் "பச்சை" அன்று. பனிப்பெட்டி இல்லாத எதோக் காலத்தில், மீன் கெடாமல் இருக்க உப்பிட்டு, வினிகரில் ஊறவைத்து, சோயாவில் ஊறவைத்து, வேகவைத்துப் பயன்படுத்தினார்கள். அந்தத் தேவை இன்று கலையாகியிருக்கிறது. கொஹாதா என்னும் சிறு வெள்ளி நிற மீனை எவ்வளவு நேரம் உப்பிலும் எவ்வளவு நேரம் வினிகரிலும் வைப்பது என்பதைக் கொண்டே ஒரு கலைஞரின் தரத்தை அறிந்தவர்கள் மதிப்பிடுவார்கள். சூரையைப் பல நாள் குளிரில் வைத்துப் பக்குவப்படுத்துவதும் உண்டு. பிடித்த அன்றே அதன் சுவை முழுமையாக வெளிப்படாது.

அனிசாகிஸ் என்னும் ஒட்டுண்ணி குறித்து அஞ்சுவோருக்கு: மைனஸ் 20 டிகிரியில் 24 மணி நேரம் உறையவைத்தால் அது மடிந்துவிடும், பயிற்சி பெற்றவர்கள் மீனைக் கீறும்போதே கூர்ந்து பார்த்து அகற்றவும் செய்கிறார்கள். ஆபத்து அறவே இல்லை என்று சொல்ல இயலாது. கருவுற்றிருப்பவர்கள் பச்சை மீனைத் தவிர்ப்பதே நல்லது. பெரிய சூரைகளில் பாதரசம் கூடுதலாக இருப்பதால், அவற்றைக் கருவுற்றோர் அளவோடு உண்ண வேண்டும் என்று ஜப்பானிய அரசே அறிவுறுத்துகிறது.

படம் எடுக்கலாமா?

முதலில் கேளுங்கள். பல இடங்களில் உணவை மட்டும் எடுக்கலாம். கலைஞரையும் பிற விருந்தினரையும் எடுக்கக் கூடாது. தொடக்க காலத்தில் ஓர் உணவகத்தில், கடற்பாசித் தாளில் சுற்றிய சூரைச் சுருளைக் கலைஞர் என் கையிலேயே தந்தபோது, அதை வைத்துவிட்டு இரண்டு மூன்று கோணங்களில் படம் எடுத்தேன். உண்ணும்போது மொறுமொறுப்பாக இருந்திருக்க வேண்டிய தாள் ஈரத்தோல்போல் இழுபட்டது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்ததைத் தரும் முன் என் கைப்பேசி உள்ளே போகும்வரை காத்திருந்தார். அன்று முதல் நான் கவுன்ட்டரில் படம் எடுப்பதில்லை.

குச்சிகளால் செய்யக் கூடாதவை எவை?

இரண்டை மட்டுமேனும் நினைவில் கொள்ளுங்கள். சோற்றில் குச்சிகளைச் செங்குத்தாக நட்டு வைக்கக் கூடாது. இறந்தவருக்குப் படைக்கும் சோற்றில் அவ்வாறு செய்வார்கள். ஒருவர் குச்சியிலிருந்து மற்றவர் குச்சிக்கு உணவை மாற்றக் கூடாது. தகனத்துக்குப் பிறகு எலும்புகளைப் பொறுக்கும் சடங்கில் உறவினர்கள் அப்படித்தான் கைமாற்றுவார்கள். அஸ்தி எடுக்கும் வழக்கம் உள்ள நமக்கு இதன் கனம் விளக்காமலே புரியும்.

சாக்கே குறித்து என்ன தெரிந்திருக்க வேண்டும்?

சாக்கே சோற்றை நொதிக்கவைத்துச் செய்வது. ஆல்கஹால் அளவு பெரும்பாலும் 15, 16 விழுக்காடு. அரிசியின் மேற்பகுதியைத் தீட்டி 60 விழுக்காடோ அதற்குக் குறைவாகவோ எஞ்சினால் கின்ஜோ, 50 விழுக்காடோ அதற்குக் குறைவாகவோ எஞ்சினால் தைகின்ஜோ என்று பெயரிடலாம். ஆனால் அதிகம் தீட்டியதே சுஷிக்குச் சிறந்தது என்பதில்லை. பழமணம் தூக்கலான தைகின்ஜோ மென்மையான மீனை மறைத்துவிடும் என்பது என் கருத்து. உடன் வந்தவருக்கு நீங்கள் ஊற்றுங்கள், உங்களுக்கு அவர் ஊற்றுவார். அருந்தாதவர்கள் பச்சைத் தேநீர் கேட்கலாம், யாரும் வற்புறுத்தமாட்டார்கள்.

உணவுக்குப் பிறகு செல்லும் பாரில் என்ன எதிர்பார்க்கலாம்?

அமைதியை. கின்சாவின் பாரம்பரிய பார்கள் பத்துப் பன்னிரண்டு இருக்கைகள் கொண்டவை. நான்கு ஐந்து பேராகச் செல்வதைவிட இருவராகச் செல்வது நல்லது. அருகிலுள்ள இம்பீரியல் விடுதியின் பழைய பாரில், பிராங்க் லாய்ட் ரைட் வடிவமைத்து 1923இல் திறக்கப்பட்டுப் பின்னர் இடிக்கப்பட்ட கட்டடத்தின் சில பகுதிகளை இன்றும் காணலாம்.

அமர்ந்தவுடன் சூடான அல்லது குளிர்ந்த கைத்துண்டும் ஒரு சிறு தின்பண்டமும் வரும். நீங்கள் கேட்காத அந்தப் பண்டத்துக்கும் இருக்கைக்கும் சேர்த்து ஒருவருக்கு 1,000 யென் அல்லது அதற்கு மேல் கட்டணம் சேர்ப்பார்கள். இது ஏமாற்று அன்று, வழக்கம். ஹைபால் என்னும் விஸ்கி-சோடாவைக் கேட்டுவிட்டுப் பரிமாறுபவரைப் பாருங்கள். மெதுவாக உறையவைத்ததால் காற்றுக் குமிழியே இல்லாத கண்ணாடி போன்ற பனிக்கட்டியைக் கத்தியால் செதுக்குகிறார். அதைக் கோப்பையில் இட்டுச் சுழற்றி, உருகிய நீரைக் கொட்டிவிடுகிறார். விஸ்கியை ஊற்றிக் குளிர்வித்து, பனிக்கட்டியின்மேல் படாதவாறு ஓரமாகச் சோடாவை இறக்கி, ஒரே ஒருமுறை கரண்டியால் தூக்கி விடுகிறார். சோடாவின் நுரை கலையக் கூடாது என்பதற்காக இவ்வளவும்.

ஜப்பானிய விஸ்கியின் கதை நீண்டது. 1918இல் ஸ்காட்லாந்து சென்று தொழில் கற்றுத் திரும்பிய மசதாகா தகெத்சுரு, 1923இல் தொடங்கப்பட்ட யமசாகி ஆலையின் உருவாக்கத்தில் பங்கேற்று, 1934இல் ஹொக்கைதோவின் யோயிச்சியில் தமக்கென ஓர் ஆலையை நிறுவினார். வயது குறிப்பிட்ட பழைய விஸ்கிகள் இன்று அரிதாகி விலையும் ஏறிவிட்டதால், ஒரு கோப்பை என்ன விலை என்று கேட்டுவிட்டுச் சொல்வதில் கூச்சம் வேண்டாம். பட்டியல் இல்லாத இடங்களில் இது மிக அவசியம்.

"லவுஞ்ச்" என்ற பெயர்ப்பலகை உள்ள எல்லா இடங்களும் ஒன்றுதானா?

இல்லை. விடுதிகளின் லவுஞ்ச் பார்கள் குடும்பத்தோடு அமரத் தக்கவை. கின்சா, ஷின்ஜுகு போன்ற இடங்களில் அதே பெயரில், பெண்கள் உடன் அமர்ந்து உரையாடும், மணிக்கணக்கில் கட்டணம் ஏறும் இடங்களும் உள்ளன. தெருவில் நின்று "வாருங்கள், மலிவு" என்று அழைப்பவரின் பின்னால் ஒருபோதும் செல்ல வேண்டாம். அப்படி அழைப்பது தடைசெய்யப்பட்ட செயல். அவ்வாறு அழைத்துச் செல்லப்பட்ட நண்பர் ஒருவர், இரண்டு கோப்பைக்கு ஒரு மாத வாடகையளவு தொகை கொடுத்த பிறகே வெளியே வர முடிந்தது.

பணம் செலுத்துவதும் டிப்ஸும்?

டிப்ஸ் கிடையாது; வைத்துவிட்டு வந்தால் பின்னாலேயே ஓடிவந்து திருப்பித் தருவார்கள். உயர்தர உணவகங்களில் பத்து விழுக்காடு அல்லது சற்றுக் கூடுதலான சேவைக் கட்டணம் பட்டியலிலேயே சேர்ந்திருக்கும். நுகர்வு வரி 10 விழுக்காடு. "கொச்சிசோசமா தெஷிதா" என்று சொல்லி விடைபெறுங்கள். விருந்துக்கு நன்றி என்பது அதன் பொருள். கலைஞர் வாசல்வரை வந்து வணங்குவார். தெருமுனையில் ஒருமுறை திரும்பிப் பாருங்கள், பெரும்பாலும் அங்கேயே நின்றுகொண்டிருப்பார்.

பிள்ளைகளை அழைத்துச் செல்லலாமா?

பல கவுன்ட்டர்களில் வயது வரம்பு உண்டு, முன்பதிவில் கேட்டறியவும். மது அருந்தும் வயது 20. 2022இல் வயதுவந்தோர் வரம்பு 18 ஆகக் குறைக்கப்பட்ட பிறகும் இது மாறவில்லை.

இரவில் திரும்புவது எப்படி?

நிலத்தடி ரயில்கள் நள்ளிரவை ஒட்டி நின்றுவிடும். பாருக்குள் நுழையும் முன்பே கடைசி ரயிலின் நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். தவறினால் டாக்சிதான். வாடகைக் காரில் வந்திருந்தால் ஒரு கோப்பைகூட வேண்டாம்: இங்கே குடித்துவிட்டு ஓட்டியவர் மட்டுமன்றி, ஓட்டப்போகிறார் என்று தெரிந்தும் அவருக்கு மது கொடுத்தவரும் அவருடன் பயணித்தவரும் தண்டனைக்கு உரியவர்கள். இதனால்தான் சில பார்களில் உங்கள் முதல் கோப்பைக்கு முன், எப்படி வந்தீர்கள் என்று கேட்பார்கள்.